கழுவிய கையின் சுவை

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் இருவர் கூடினால் பேச்சு ஹாப்ஸ், மால்ட், ஈஸ்ட் என்று நீண்டுகொண்டே போகும். பாத்திரம் கழுவியதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டத்தால் இந்தப் பொழுதுபோக்கு வெளிச்சத்துக்கு வந்தது. பிரிட்டனில் அதற்கும் முன்பே, 1963இல், உரிமம் தேவையில்லை என்றார்கள். அமெரிக்க மாநிலங்களில் மிசிசிப்பியும் அலபாமாவும் மட்டும் 2013 வரை இழுத்தடித்தன. (தமிழ்நாட்டில் இன்றும் இது சட்டப்படி குற்றம். எனவே வாசகர் இதை ரசனைக்காக மட்டும் படிக்கலாம்.) அமெரிக்காவில் வீட்டு பீருக்குப் போட்டிகள் உண்டு. மதிப்பெண் தாளில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10, ஆக 50. கழுவியதற்கென்று ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. ஆனால் அந்த ஐம்பதில் பெரும்பகுதியைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் பாத்திரம் தேய்த்த கைதான். இந்தக் கலையில் கைத்திறன் என்று ஒன்று உண்டென்றால் அது முதலில் கழுவுவதில்தான் இருக்கிறது, காய்ச்சுவது அதற்கு அடுத்தபடிதான் என்பது என் கட்சி.

மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியைச் சூடான நீரில் ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைப் போட்டுச் சுமார் 1 மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். அதுவரை பானையில் எந்தக் கிருமி இருந்தாலும் கொதிப்பு பார்த்துக்கொள்ளும். சாறு 20 டிகிரி செல்சியஸுக்கு ஆறியதும் கதை மாறிவிடுகிறது. சர்க்கரை இருக்கிறது, புரதம் இருக்கிறது, சூடும் இதமாக இருக்கிறது. தற்காப்புக்கு ஆல்கஹால் ஒரு சொட்டுகூட இன்னும் உண்டாகவில்லை. புளிப்பும் போதாது, பிஎச் 5ஐ ஒட்டியே நிற்கும். 19 லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 20,000 கோடி ஈஸ்ட் செல்களை ஒரேயடியாக இறக்குவது மற்ற கிருமிகள் தலையெடுப்பதற்குள் ஈஸ்ட் இடம்பிடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான். அது ஆல்கஹாலை உண்டாக்கி பிஎச்சை 4.5க்குக் கீழே கொண்டுவரும்வரை சாற்றைத் தொடும் வாளி, மூடி, டியூப், கரண்டி, வெப்பமானி எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. ஹாப்ஸின் கசப்பு லாக்டோபேசில்லஸ் வகைகள் பலவற்றை அடக்கும், எல்லாக் கிருமிகளையும் அடக்காது. லூயி பாஸ்டர் 1871இல் லண்டனின் விட்பிரெட் பீர் ஆலைக்குப் போய் அவர்களுடைய ஈஸ்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஒரு வாரத்துக்குள் அவர் திரும்பி வந்தபோது ஆலை ஒரு மைக்ராஸ்கோப் வாங்கியிருந்தது. பீரின் கோளாறுகளைப் பற்றிய அவருடைய நூல் 1876இல் வெளிவந்தது. இன்று வீட்டில் காய்ச்சுகிறவரிடம் மைக்ராஸ்கோப் இருப்பது அபூர்வம். அவருக்குக் கண்ணும் மூக்கும் விரல் நுனியும்தான் கருவி.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அழுக்கு எடுப்பது ஒரு வேலை, கிருமி நீக்குவது இன்னொரு வேலை. கடையில் வாங்கிய கிருமிநாசினித் திரவம் இரண்டாவது வேலையை மட்டுமே செய்யும். நொதித்து முடிந்த வாளியின் உட்புறத்தில், நுரை ஏறி இறங்கிய உயரத்தில், பழுப்பு வளையம் ஒன்று காய்ந்து ஒட்டியிருக்கும். ஹாப்ஸ் பிசினும் புரதமும் செத்த ஈஸ்டும் சேர்ந்த பற்று அது. அதன் மேல் எந்த மருந்தை ஊற்றினாலும் மேல்தோல்தான் நனையும், அடியில் இருப்பது பத்திரமாக இருக்கும். கம்பி நாரால் தேய்த்தால் இன்னும் மோசம். பிளாஸ்டிக்கில் விழும் கீறல் ஒவ்வொன்றும் கிருமிக்குக் குடியிருப்பு. தெரிந்தவர்கள் சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீரை வளையம் மூழ்கும்வரை ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுவார்கள். அது நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சோடியம் கார்பனேட்டாகவும் பிரிந்து, காலையில் மெல்லிய துணியால் ஒரு இழுப்பு இழுத்தாலே வளையம் கழன்று வரும் அளவுக்குப் பற்றை இளக்கிவிடும். நன்றாக அலசி, நீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாக வழிகிறதா என்று பார்த்த பிறகுதான் கிருமி நீக்கும் அமிலத்தின் முறை வரும். பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த ஸ்டார் சான் என்றால் 19 லிட்டர் நீருக்கு 30 மில்லி. இரண்டொரு நிமிடம் ஈரமாக இருந்தால் போதும், மறுபடி அலசக் கூடாது. அது பொங்கும் நுரையைப் பார்த்துப் புதியவர்கள் மிரள்வதும், பழையவர்கள் நுரைக்குப் பயப்படாதே என்று தேற்றுவதும் அந்த வட்டாரத்தில் வழக்கம்.

திறமைக்கு உண்மையான சோதனை பாட்டிலில் நிரப்பும் வாளியின் அடியில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் குழாய். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும். ஆனால் அது ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு உருளை. வெந்நீரில் போட்டு உள் உருளையை அழுத்தித் தள்ளினால் கழன்று வரும். பல மாதம் கழற்றாத குழாயில் இரண்டுக்கும் நடுவே வழவழப்பான பழுப்புப் படலம் இருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் காடி நாற்றம் அடிக்கும். மரையிலும் ரப்பர் வாஷரின் பின்புறத்திலும் அதே பற்று இருக்கும். நொதிப்பு முழுக்க ஒழுங்காக நடந்த பீர் கடைசி நிமிடத்தில் இந்த இரண்டங்குலத்தைக் கடந்துதான் ஒவ்வொரு பாட்டிலுக்கும் போகிறது.

பழங்காலத்தில் எந்த மருந்தும் இல்லாமல் காய்ச்சவில்லையா, பெல்ஜியத்தில் இன்றும் காற்றிலிருந்து வரும் கிருமிகளை நம்பித்தானே லாம்பிக் என்ற பீரைச் செய்கிறார்கள் என்பது வழக்கமான மறுப்பு. நியாயமான கேள்விதான். பிரஸ்ஸல்ஸில் 1900இல் தொடங்கிய கான்டியோன் ஆலையில் சாற்றைக் கூரையடியில் அகன்ற செப்புத் தொட்டியில் இரவெல்லாம் திறந்து வைக்கிறார்கள். சிலந்தி வலைகளைக்கூடத் துடைப்பதில்லை. ஆனால் அதே ஆலையில் பழைய மரப்பீப்பாய்களுக்குள் வெந்நீரையும் இரும்புச் சங்கிலியையும் போட்டு உருட்டி உள்சுவரைச் சுரண்டி எடுக்கிறார்கள். காய்ச்சுவதும் குளிர் மாதங்களில் மட்டும்தான். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை வைத்திருந்து, சுவைத்துப் பார்த்து, தேறிய பீப்பாய்களையே கலக்கிறார்கள். பல பீப்பாய் வைத்திருப்பவருக்கு ஒன்று கெட்டால் பரவாயில்லை, ஒரே வாளி வைத்திருப்பவருக்கு அந்த வசதி ஏது? நார்வேயின் பண்ணை வீடுகளில் ஜூனிபர் கிளைகளைக் கொதிக்க வைத்த நீரால் பாத்திரங்களைக் கழுவிய வழக்கமும் இருந்தது. முன்னோர்கள் கழுவாமல் விட்டார்கள் என்பது சரித்திரம் படிக்காதவர்களின் கதை. நம் பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பதநீரைக் கள்ளாகாமல் தடுப்பதும் இதே அறிவுதான். அவர்கள் காரத்தின் பக்கம் போகிறார்கள், ஸ்டார் சான்காரர் அமிலத்தின் பக்கம்.

இன்னொரு மறுப்பு சற்று நுட்பமானது. ஆல்கஹால், புளிப்பு, ஹாப்ஸ் மூன்றும் சேர்ந்த பீரில் மனிதனுக்கு நோய் தரும் கிருமிகள் பிழைப்பது அரிது, பிறகு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்கிறார்கள். உண்மைதான், கெட்ட பீர் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. பீரைத்தான் கொல்லும். பெடியோகாக்கஸ் புகுந்தால் வெண்ணெய் வாடை, அசிட்டோபாக்டர் புகுந்தால் காடி, காட்டு ஈஸ்ட் புகுந்தால் மருந்துக்கடைக் கார நெடி. இவற்றுக்கு நடுவே நல்ல ஹாப்ஸின் மணம் எங்கே தெரியப்போகிறது? மறுபக்கம், பயத்தில் பிளீச்சிங் கரைசலைத் தாராளமாக ஊற்றிச் சரியாக அலசாமல் விடுகிறவர்களும் உண்டு. மீந்த குளோரின் பீனால்களோடு சேர்ந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் வாடையைக் கொண்டுவந்துவிடும். துருப்பிடிக்காத எஃகையும் குளோரின் அரிக்கும். அதை அமிலத்தோடு கலந்தால் வருவது விஷவாயு. வாசனை சோப்பின் எச்சம் நுரையை நிற்கவிடாது. அளவு தெரியாத சுத்தமும் ஒருவகை அழுக்குதான். பத்துப்பாத்திரம் தேய்ப்பதில் என்ன கலை என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: எங்கே ஊறவிடுவது, எங்கே தேய்ப்பது, எங்கே கழற்றுவது, எப்போது நிறுத்துவது என்ற தீர்ப்பு எந்த டப்பாவின் லேபிளிலும் அச்சிட்டு வருவதில்லை.

குடிப்பவருக்குக் கழுவிய லட்சணம் தெரியும் இடங்கள் உண்டு. பாட்டிலின் கழுத்தில், திரவம் நிற்கும் மட்டத்தில், மெல்லிய வெள்ளை வளையம் தெரிந்தால் உள்ளே விருந்தாளி வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். மூடியைத் திறந்ததும் பீறிட்டு மேசையை நனைத்தாலும் சந்தேகப்படலாம். சர்க்கரை கூடிப்போயும் அப்படி ஆகும் என்பதால் தீர்ப்பை நாக்குக்கு விட்டுவிடுவதே நியாயம். வெளிர்நிற லாகரைத்தான் நான் பெரிய பரீட்சை என்பேன். கறுத்த ஸ்டவுட்டில் வறுத்த மால்ட்டும், ஐபிஏவில் ஹாப்ஸும் சின்னச் சின்னக் குற்றங்களுக்குத் திரை போடும். லாகரில் ஒளிய இடமில்லை. அயல்நாட்டு நண்பர் யாராவது தாம் காய்ச்சிய லாகரை ஊற்றித் தந்தால், வாளிக் குழாயைக் கடைசியாக எப்போது கழற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வந்தால் தைரியமாகக் குடிக்கலாம்.