படைக்கலமா, சடங்குப் பொருளா? தோடர் வில், வளரி ஆகியவற்றின் சேகரிப்பும் அடையாளமும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னிந்தியப் பழங்குடியினரிடமிருந்தும் பிற சமூகத்தாரிடமிருந்தும் திரட்டப்பட்ட பொருள்கள் பலவும் 'ஆயுதம்' என்னும் தலைப்பின்கீழ்ப் பதிவுபெற்றன. அத்தலைப்பு பொருளின் பயனிலிருந்து பிறந்ததா, சேகரித்தோரின் முன்முடிவிலிருந்து பிறந்ததா என்னும் வினாவை நீலகிரித் தோடரின் வில்லையும் தமிழக வளரியையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: தோடர், கோத்தர், வில், வளரி, பொருள்சார் பண்பாடு, அருங்காட்சியகப் பதிவு, காலனியச் சேகரிப்பு.

முன்னுரை

பழம்பொருள் ஒன்று அருங்காட்சியகத்தை அடைந்ததும் அதற்கு முதலில் கிடைப்பது பெயர்ச்சீட்டு. பொருளின் பெயர், அதற்குரிய மக்கள், கிடைத்த இடம், சேகரித்தவர் என நான்கைந்து சொற்களுக்குள் அச்சீட்டு முடிந்துவிடும். பின்வரும் ஆய்வாளர் பெரும்பாலும் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை, சீட்டையே படிக்கிறார். அண்மைக்கால ஆய்வேடுகள் சிலவற்றில் 'தோடரின் போர்க்கருவிகள்' என்ற இயல் தலைப்பைக் காண நேர்ந்ததே இக்கட்டுரை எழுதத் தூண்டுதலாயிற்று. அவ்வியல்களில் களச்சான்று எதுவும் காட்டப்படவில்லை. பழைய பட்டியல்களில் கண்ட 'வில், அம்பு' என்னும் பதிவு மட்டுமே அவற்றுக்கு ஆதாரம். ஒரு மக்களின் வரலாற்றையே திருப்பிப் போடும் வலிமை பெயர்ச்சீட்டுக்கு உண்டு என்பதால் அதனை ஐயத்தோடு அணுகுவது தேவையாகிறது.

கேட்டுப் பெறப்பட்ட ஆயுதம்

1871-இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் அறங்காவலர்கள் இந்தியப் பழங்குடிகளின் வாழ்க்கையை விளக்கும் பொருள்களைத் திரட்ட அரசின் உதவியை நாடினர். ஆயுதங்கள், அணிகலன்கள், உடைகள், வீட்டுக் கலன்கள், உழவுக் கருவிகள் ஆகியவற்றோடு பழங்காலக் கல்லறைகளில் கிடைக்கும் பொருள்களும் அவ்வேண்டுகோளில் அடங்கின. நீலகிரியின் முதல் ஆணையராகிய ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இப்பணியை ஏற்றார். 1872-இல் அவர் மறைந்தார். அவருடைய நூல் 1873-இல் வெளிவந்தது. நீலகிரி ஆய்வில் இன்றளவும் தவிர்க்க முடியாத நூல் அது.

வேண்டுகோளின் அமைப்பு இங்குக் கருதத்தக்கது. பழங்குடி என்றால் ஆயுதம் இருந்தே தீரும் என்ற நம்பிக்கை அதில் முன்கூட்டியே உறைந்துள்ளது. தோடரோ எருமை வளர்ப்பையே வாழ்வாகக் கொண்டவர்கள், இறைச்சியுணவை நாடாதவர்கள், வேட்டையும் அவர்கள் தொழிலன்று. 1901–02-இல் அவர்களிடையே தங்கி ஆய்ந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், தம் காலத்துத் தோடரிடம் ஆயுதம் எதுவும் புழக்கத்தில் இல்லை என்றும், தடியும் வில்லும் அம்பும் சடங்குகளில் மட்டுமே இடம்பெறுகின்றன என்றும் 1906-இல் வெளியிட்ட நூலில் தெளிவாகப் பதிவு செய்துள்ளார். ஆயினும் பட்டியலில் 'ஆயுதம்' என ஒரு பிரிவு இருக்கும்போது, அதனை நிரப்ப ஏதேனும் ஒரு பொருள் வந்து சேரத்தானே செய்யும்?

தோடர் வாழ்வில் வில் தோன்றும் இடங்கள் இரண்டு. முதலாவது கருவுற்ற காலத்துச் சடங்கு. காட்டில் ஒரு மரத்தடியில், அம்மரத்தில் குடைந்த மாடத்தில் விளக்கேற்றி, கணவன் செடியின் கொம்பால் வில்லும் புல்தண்டால் அம்பும் செய்து மனைவியிடம் தருகிறான். வில்லின் பெயர் என்ன என்று அவள் வினவ, அவன் தன் குலத்துக்குரிய வில்லின் பெயரைச் சொல்கிறான். அவள் அதனை நெற்றியில் ஒற்றிக்கொண்டு விளக்கை நோக்கியிருக்கிறாள். பலகணவர் மணமுறை நிலவிய அச்சமூகத்தில் வில்லைத் தந்தவனே பிறக்கும் குழந்தைக்குத் தந்தையாவான். மற்றொருவன் வில் தரும்வரை அடுத்தடுத்துப் பிறக்கும் குழந்தைகளுக்கும் அவனே தந்தை. அவன் இறந்து பல்லாண்டுகள் கழிந்தாலும் இவ்வுரிமை மாறுவதில்லை என்கிறார் ரிவர்ஸ். ஆகவே அந்தச் சிறு கொம்பு எதனையும் எய்வதற்குரியதன்று. தந்தைமையை நிறுவும் ஓர் ஆவணம் என்று அதனைக் கூறுவது பொருந்தும். தோடர் மொழியில் வில்லைக் குறிக்கும் சொல் தமிழ் 'வில்' என்பதோடு இனமானது. சொல் ஒன்றாயிருப்பதாலேயே பொருளின் பயனும் ஒன்றெனத் தமிழ் ஆய்வாளர் எளிதில் மயங்க இடமுண்டு.

இரண்டாவது இடம் ஈமச்சடங்கு. ஆண் ஒருவன் இறந்தால் அவனோடு எரிப்பதற்கென வில்லும் அம்பும் பெறப்படுகின்றன. இவற்றைச் செய்து தருபவர்கள் தோடரல்லர். கொல்லுத் தொழில், தச்சு, மட்கலம், இசை ஆகியவற்றில் வல்ல கோத்தர்கள். இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. அடையாளம் காணும் முயற்சிக்கு இதுவே திறவுகோல் எனலாம். எரிக்கப்படுவதற்காகவே செய்யப்பட்ட வில் எரியாமல் கண்ணாடிப் பேழைக்குள் இருக்குமாயின், அது தன் கடமையை முடிக்காத வில். சேகரிப்பாளர் கேட்டதற்காகக் கோத்தர் தனியே செய்து கொடுத்திருக்கலாம். சடங்குக்கு முன்பே விலை கொடுத்துப் பெறப்பட்டிருக்கலாம். அல்லது சடங்கிலிருந்து அகற்றப்பட்டிருக்கலாம். முதல் நிலையில் அது 'தொன்மையான' பொருளாகாது. சேகரிப்பு நடந்த ஆண்டே அதன் பிறப்பாண்டும் ஆகும். மூன்றாம் நிலையிலோ இறந்தவரின் உடைமை பற்றிய அறக்கேள்வி எழுகிறது. 'தோடர், வில், நீலகிரி' என்னும் மூன்று சொற்களைக் கொண்ட சீட்டு இந்த மூன்று வாய்ப்புகளையும் மூடிவிடுகிறது. செய்தவர் கோத்தர் என்ற செய்தியையும் சேர்த்தே மறைக்கிறது.

கல்லறை இரும்பும் சுழல் வாதமும்

பிரீக்ஸின் தொகுப்பில் வாழும் மக்களின் பொருள்களும் மலையுச்சிக் கல்வட்டங்களில் அகழ்ந்தெடுத்த பொருள்களும் ஒரே நூலுக்குள் அமைந்தன. கல்வட்டங்களில் இரும்பு ஈட்டிமுனைகள், அம்புமுனைகள், வெண்கலக் கலன்கள், விலங்குருவம் பொருத்திய மட்கலங்கள் ஆகியன கிடைத்தன. அவற்றைத் தோடரின் முன்னோருக்குரியனவாகக் கருதும் போக்கு 1847-இல் காங்கிரீவ் எழுதிய கட்டுரையிலேயே தொடங்கிவிட்டது. பிரீக்ஸும் அக்கருத்தின் பக்கமே சாய்ந்தார். தோடர் அக்கல்லறைகளைத் தமக்குரியனவாகக் கொள்ளவில்லை என்பது அப்போதே தெரிந்திருந்தது.

இதிலிருந்து உருவான வாதம் சுழல்தன்மை உடையது. தோடர் சடங்கில் வில் உண்டு. எனவே ஒரு காலத்தில் அவர்கள் வில்வீரர்கள். கல்லறையில் இரும்பு ஆயுதம் உண்டு. தோடர் ஒரு காலத்தில் வீரராயிருந்தமையால் அக்கல்லறை அவர்களுடையது. கல்லறை அவர்களுடையதாகையால் சடங்கு வில் பழைய போர்வில்லின் எச்சம். ஒவ்வொரு கூற்றும் மற்றொன்றின் தோளில் நிற்கிறது. தரையில் காலூன்றி நிற்பது எதுவுமில்லை. சடங்குப் பொருளைக் கைவிடப்பட்ட பயன்பாட்டின் எச்சமாகக் காணும் கொள்கை அக்கால மானிடவியலில் செல்வாக்குப் பெற்றிருந்தது; ரிவர்ஸும் அதிலிருந்து முற்றிலும் விடுபட்டவரல்லர். ஆயினும் கண்டதையும் ஊகித்ததையும் அவர் பிரித்து எழுதியமையால் இன்றும் அவரோடு உரையாட முடிகிறது. பிற்காலப் பட்டியலாளர்கள் அவரது ஊகத்தை எடுத்துக்கொண்டு அவதானிப்பை விட்டுவிட்டனர் என்பதே வருத்தத்துக்குரியது.

வளரி: பெயர் செய்த வேலை

வளரியின் நிலை வேறு. அது உண்மையிலேயே எறிபடை. வேட்டையிலும் போரிலும் பயன்பட்டது. சின்னமருதுவிடம் அதனை எறியக் கற்றதாகக் கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியான தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார். 100 கெச எல்லைக்குள் குறிதவறாது எறியலாம் என்பது அவர் கூற்று. 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிவிப்பு தென்பாளையங்களில் ஆயுதம் ஏந்துவதைத் தடைசெய்தது. படைக்கலம் புழக்கத்திலிருந்து நீங்கிச் சேகரிப்புப் பொருளாக மாறும் திருப்பம் அதிலேயே தொடங்குகிறது.

இங்குச் சிக்கல் 'பூமராங்' என்னும் பெயரால் வந்தது. பிட் ரிவர்ஸ் என்று பின்னர் அறியப்பட்ட லேன் ஃபாக்ஸ், வடிவ ஒப்புமையைக் கொண்டு ஆஸ்திரேலிய, தென்னிந்திய, எகிப்திய எறிதடிகளை ஒரே கொடிவழியில் நிறுத்தினார். ஹக்ஸ்லியின் இனப்பாகுபாடு அதற்குத் துணைநின்றது. 1884-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகம் வடிவவழி வரிசையையே கொள்கையாக ஏற்றது. வளைந்த தடி வளைந்த தடிக்கு உறவு; ஆகவே எறிந்தவரும் எறிந்தவருக்கு உறவு! பொருளின் எடைப்பகிர்வை நோக்கினாலே இவ்வுறவு தளர்ந்துவிடும். புதுக்கோட்டைத் திவான் அளித்த விளக்கத்தை எட்கர் தர்ஸ்டன் எடுத்துக்காட்டியுள்ளார். அதன்படி வளரியின் ஒரு முனை கனமானது. மெல்லிய முனையைப் பிடித்துத் தோளுக்குமேல் சிலமுறை சுழற்றி வீசுவர். இது வேகத்தோடு தாக்குவதற்கான அமைப்பு. எறிந்தவரிடம் திரும்பி வரும் தடிக்கோ இலேசான எடையும், காற்றைத் தாங்கும் குறுக்குவெட்டும் வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் வேட்டைத் தடிகளில் மிகப் பல திரும்பி வராதவையே. திரும்பி வருதலை வளரியின் பெருமையாக இன்று மேடைகளில் கூறுவோர், தம்மை அறியாமலே காலனியப் பெயர்ச்சீட்டுக்கு உரை எழுதுகின்றனர்.

சங்க இலக்கியக் 'குணில்' என்பதை வளரியோடு ஒன்றாக்கும் முயற்சியும் இத்தகையதே. பறையடிக்கும் கோலையும் எறியும் குறுந்தடியையும் அச்சொல் சுட்டும்; ஆயர் கரும்பையே அதுவாகக் கொண்டு மாம்பழம் வீழ்த்தும் காட்சி ஐங்குறுநூற்றில் உண்டு. கரும்பு குணிலாக முடியுமெனில் குணிலுக்கு வளைந்த வடிவம் இன்றியமையாததன்று.

தஞ்சை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகம் பெற்ற தந்த வளரிகள் மற்றொரு படியைக் காட்டுகின்றன. அவை அரண்மனைப் பொருள்கள். 'பழங்குடி ஆயுதம்' என்னும் வகைப்பாட்டுக்குள் அவை அடங்கா. கள்ளர் திருமணத்தில் மணமக்கள் வீட்டார் வளைதடி மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். எனவே ஒரே வடிவம் வேட்டைக் கருவியாகவும் அரச அடையாளமாகவும் மணப்பொருளாகவும் வாழ்ந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வளரி இவற்றுள் எது என்பதை விளிம்பின் தேய்மானம், மோதல் தழும்பு, பிடியில் படிந்த கைமெருகு ஆகியவையே சொல்லக்கூடும். பட்டியல்களில் பெரும்பாலும் நீளமும் மூலப்பொருளும் மட்டுமே இடம்பெறுகின்றன.

பதிவேட்டில் இல்லாத பத்திகள்

இக்காலச் சேகரிப்பாளருக்கும் இது பொருந்தும். புகையூட்டிக் கருமையாக்கிய புதுமரமும் அமிலத்தால் துருவேற்றிய இரும்பும் பழமைக்குச் சான்றாகச் சந்தையில் காட்டப்படுகின்றன. கையாண்டதால் வரும் மெருகு பிடிக்கும் இடத்தில் மிகுந்தும் பிற இடங்களில் குறைந்தும் இருக்கும். பூசிய மெருகு எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 100 ஆண்டைக் கடந்த பொருளைத் தொல்பொருளாகக் கொண்டு தனியார் ஏற்றுமதியைத் தடுக்கிறது. தந்த வளரியாயின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கிடும். ஆனால் ஈமச்சடங்குக்கென நேற்றுச் செய்த வில்லை இச்சட்டம் தொல்பொருளாகக் காணாது. அதன் மதிப்பு அகவையில் இல்லை என்பதைச் சொல்லும் பத்தி சட்டத்திலும் இல்லை, பதிவேட்டிலும் இல்லை.

தோடர் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றபோது, துணி வெளியிலிருந்து வருவது, தையல் மட்டுமே தோடர் பெண்களுடையது என்ற வேறுபாடு பதிவுக்கு இடையூறாகவில்லை. அதே தெளிவோடு வில்லின் பதிவிலும் 'செய்தவர் கோத்தர், சடங்கு தோடருடையது' என இரு வரிகள் எழுதுவதில் தடையேதுமில்லை. நம் அருங்காட்சியகங்களின் பழைய வரவுப் பதிவேடுகளை மறுபார்வை செய்வோர் முதலில் சேர்க்க வேண்டிய பத்திகள் மூன்று: யார் செய்தது, எதற்காகச் செய்தது, எந்நிலையில் கைமாறியது. தோடர் வில்லுக்கு நான்காவதாக ஒன்றும் வேண்டும். மனைவி கேட்கக் கணவன் சொன்ன, குலத்துக்குரிய அந்த வில்லின் பெயர் எது என்பதற்கான பத்தி அது.