பாபிட் வார்ப்பு

நூறு வயதான அமெரிக்க பேண்ட் ஸாவுக்கு உயிர் கொடுப்பதில், துரு சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். பேரிங்கில்தான் கைத்திறன் தெரியும். அந்தக் கால இயந்திரங்கள் பலவற்றில் பால் பேரிங் கிடையாது. 1839-இல் ஐசக் பாபிட் உருவாக்கிய வெள்ளீயக் கலவை வழிவந்த உலோகமே தண்டைத் தாங்கும்.

தேய்ந்ததை உருக்கி எடுத்துவிட்டு, புது உலோகம் ஒட்டாதிருக்கத் தண்டில் விளக்குக் கரியைப் படியவிடுகிறார்கள். பிசகாமல் நிறுத்தி, இடுக்குகளை அடைக்கிறார்கள். உருகிய குழம்பில் பைன் குச்சியை விட்டால் கருக வேண்டும், பற்றிக்கொள்ளக் கூடாது. என்ன அழகான தெர்மாமீட்டர்! பிறகு ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். தயங்கினால் மடிப்பு விழும். துளி ஈரம் இருந்தாலும் குழம்பு முகத்தில் தெறிக்கும். ஆறியபின் சுரண்டிச் சீவி, எண்ணெய்க்கு வழி வெட்டினால் வேலை முடிந்தது.

பழைய இயந்திரம் வாங்கப் போனால் பளபளப்பைப் பார்க்காதீர்கள். தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.