சாவி யாரிடம் இருக்கிறது?

வாசகரே, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் நீங்கள் எப்போதாவது அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில், தஞ்சை மாவட்ட எல்லையை ஒட்டியிருக்கும் கறம்பக்குடியையே எடுத்துக்கொள்வோம். ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிப் பயிர் செய்யும் வட்டாரம் அது. கிணறு உள்ள இடத்தில் மோட்டார் இருக்கும். மோட்டார் உள்ள இடத்தில் அது கருகிப்போவதும் இருக்கும்.

கருகிய மோட்டார் கடைக்கு வருகிறது. "ஓடிக்கிட்டே இருந்துச்சு, நின்னுபோச்சு" என்பதற்கு மேல் கொண்டுவந்தவருக்குச் சொல்லத் தெரியாது. கடைக்காரர் முதலில் முகர்ந்து பார்க்கிறார். வார்னிஷ் தீய்ந்த வாடை அடித்தால் பாதி நோய் தெரிந்துவிட்டது. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அறுந்துபோனால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நின்றுவிடுவதில்லை. அதே சுமையை மற்ற இரண்டு முனைகளைக் கொண்டே இழுக்கப் பார்க்கும். அப்போது அந்த இரண்டு கம்பிகளிலும் மின்னோட்டம் சுமார் 1.7 மடங்காகிவிடுகிறது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியை ஒட்டி ஏறுவதால், சூடு ஏறக்குறைய மூன்று மடங்கு! செப்புக் கம்பியின் மேல் பூசிய எனாமல் எத்தனை நேரம் தாங்கும்? அடுத்தாற்போல் அவர் மெக்கரை எடுத்துக் காயிலுக்கும் இரும்புக் கூட்டுக்கும் நடுவே 500 வோல்ட் கொடுத்து மின்தடையைப் பார்க்கிறார். ஒரு மெகா ஓமுக்குக் கீழே முள் விழுந்தால் தலையை ஆட்டுகிறார். அவ்வளவுதான், சோதனை முடிந்தது.

இதே ஊரில் பத்தாம் வகுப்பில் ஜூலின் வெப்ப விதியைப் பிழையில்லாமல் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கும் மாணவி இருப்பாள். அவள் இந்தக் கடைக்குள் வந்து மெக்கரைத் தொட்டுப் பார்க்க முடியுமா? முடியாது. கடைக்காரர் கெட்டவர் அல்லர். அது அவர் பிழைப்பு, அவ்வளவுதான். அவருடைய கையாளாகச் சேர்ந்த பையனுக்கோ மெக்கரின் முள் தெரியும், விதி தெரியாது. விதி ஒரு பக்கம், முள் ஒரு பக்கம். இரண்டும் சந்திக்கும் ஓர் இடம் ஊரில் இல்லை. அப்படி ஓர் இடத்தை ஊரே நடத்துவது பற்றி உலகத்தில் என்னென்ன செய்து பார்த்திருக்கிறார்கள், அவற்றில் எது நின்றது, எது விழுந்தது என்று பார்ப்போம். சில இடங்களில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கும்.

வெளிநாடுகளில் இத்தகைய இடத்துக்கு ஹேக்கர்ஸ்பேஸ் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பொம்மை ரயில் விட்டு விளையாடிய மாணவர் சங்கம் ஒன்று இருந்தது. ரயில் பாதையின் அடியில் பழைய டெலிபோன் ரிலேக்களைக் கோத்து ஏதாவது தந்திரம் செய்தால், அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஹேக். கணினியில் புகுந்து திருடுகிறவன் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 1995-இல் பெர்லினில் சி-பேஸ், 2006-இல் வியன்னாவில் மெட்டாலேப் என்று இத்தகைய கூடங்கள் முளைத்தன. 2007-இல் ஜெர்மனிக்கு வந்து இவற்றைப் பார்த்த அமெரிக்க இளைஞர்கள் ஊர் திரும்பி நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் தாங்களே தொடங்கினார்கள். ஏற்பாடு மிக எளிது. பத்து இருபது பேர் மாதச் சந்தா போட்டு ஓர் அறையை வாடகைக்குப் பிடிப்பது. வீட்டில் சும்மா கிடக்கும் துளைப்பான், சால்டரிங் அயர்ன், ஆசிலோஸ்கோப் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வைப்பது. முதலாளி கிடையாது. கூட்டிப் பெருக்குவதும் அவர்களே.

இதே காலத்தில் இன்னொரு சோதனையும் நடந்தது. 2006-இல் கலிபோர்னியாவில் டெக்ஷாப் என்ற கம்பெனி தொடங்கியது. லேசர் வெட்டும் இயந்திரம், மில்லிங் இயந்திரம், வெல்டிங் கூடம் என்று கண்ணைப் பறிக்கும் பட்டறைகள்! உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சந்தா கட்டுவது போலக் கட்டிவிட்டுப் போய் வேலை செய்யலாம். அமெரிக்காவில் பத்து இடங்களில் கிளை விரித்தது. 2017 நவம்பரில் ஒருநாள் திவால் என்று அறிவித்துப் பத்தையும் ஒரேயடியாகப் பூட்டியது. செய்து முடிக்காத தங்கள் பொருள்கள் உள்ளே கிடக்க, உறுப்பினர்கள் வெளியே நின்றார்கள். சான் பிரான்சிஸ்கோவில் நாய்ஸ்பிரிட்ஜ் என்ற உறுப்பினர் கூடமோ வாடகைத் தகராறு, இடம் மாற்றம், உள்சண்டை எல்லாவற்றையும் கடந்து நின்றது. அதன் கருவிகள் டெக்ஷாப்பின் கருவிகளுக்கு உறைபோடக் காணாது. ஆனால் சாவி உறுப்பினர்களிடம் இருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். மகாராஷ்டிரத்தில், புனேயிலிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர் தொலைவில் பாபல் என்ற மழை குறைந்த கிராமம் இருக்கிறது. ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த டாக்டர் கல்பாக் அந்த வேலையை விட்டுவிட்டு அங்கே குடியேறி, 1983-இல் விஞ்ஞான ஆசிரமத்தைத் தொடங்கினார். சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள். அவர்களுக்கு வகுப்பறை கிராமம்தான். வெல்டிங், மின்வயரிங், மண்ணின் மின்தடையை அளந்து நீரோட்டம் காண்பது, கால்நடை வளர்ப்பு என்று ஊருக்குத் தேவையான வேலைகளைச் செய்து கொடுத்து, அதற்குக் கூலியும் வாங்கிக்கொண்டே பாடம் படித்தார்கள். பழைய ஜீப்பின் உறுப்புகளைக் கொண்டு ஒரு சிறிய டிராக்டர்கூடக் கட்டினார்கள். அதற்கு மெக்புல் என்று பெயர். காளைக்குப் பதில் வந்தது என்பதால் பொருத்தமான பெயர்தான்.

2002-இல் மாசசூசெட்ஸ் கழகத்தின் நீல் கெர்ஷன்ஃபெல்ட் குழுவினர், கணினி சொன்னபடி வெட்டிக் குடையும் கருவிகளைக் கொண்ட ஃபேப் லேப் என்னும் கூடத்தைப் பாபலில் அமைத்தார்கள். அந்தக் கழகத்துக்கு வெளியே தோன்றிய முதல் கூடங்களில் அதுவும் ஒன்று. இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது கால வரிசையை. இயந்திரம் வருவதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பட்டறைப் பழக்கம் இருந்தது. ஒன்றைக் கழற்றுவதற்கு யாரையும் அனுமதி கேட்காத பிள்ளைகள் இருந்தார்கள். ஆகவே வந்த இயந்திரத்துக்கு வேலை காத்துக்கொண்டிருந்தது. "இந்தியக் கிராமத்தில் அதிசயக் கூடம்" என்று எழுதியவர்கள் அந்தப் பத்தொன்பது ஆண்டுகளைச் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

நாம் இப்போது செய்துகொண்டிருப்பது நேர்தலைகீழ். 2016-இல் மத்திய அரசின் அடல் புத்தாக்கத் திட்டம் தொடங்கியது. தேர்வான பள்ளிக்கு இருபது லட்ச ரூபாய்: கருவிகளுக்குப் பத்து, ஐந்தாண்டு நடத்துவதற்குப் பத்து. நாடெங்கும் சுமார் பத்தாயிரம் பள்ளிகளில் கூடம் அமைந்தது. 2025 பட்ஜெட்டில், ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் ஐம்பதாயிரம் கூடங்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஏழைப் பிள்ளையின் கையில் உணரியும் மோட்டாரும் கிடைப்பதை யார் வேண்டாம் என்பார்கள்? நல்லபடி நடக்கும் கூடங்களும் உண்டு, அவற்றிலிருந்து வந்த நல்ல கருவிகளும் உண்டு.

ஆனால் நான் நேரில் பார்த்த ஒரு பள்ளியைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். முப்பரிமாண அச்சு இயந்திரம் கண்ணாடி அலமாரிக்குள், பிளாஸ்டிக் உறை கழற்றாமல் இருந்தது. "ஓட்டிப் பார்க்கலாமா?" என்றேன். ஆசிரியர் சங்கடத்துடன் சிரித்தார். "கெட்டுப்போனால் தணிக்கையில் கேட்பார்கள் சார்." அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் இருந்த இருப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். பொருளின் பெயர், வந்த தேதி, எண்ணிக்கை, இருப்பு. ஒரு கருவி வேலை செய்து தேய்ந்தது என்று எழுத அதில் இடமே இல்லை!

அந்த இயந்திரம் இயங்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இதன் வேடிக்கை புரியும். மெழுகுநூல் போன்ற பிளாஸ்டிக் இழையைச் சுமார் 200 டிகிரி செல்சியஸில் உருக்கி, 0.4 மில்லிமீட்டர் துளை வழியாகப் பிதுக்கி, அடுக்கின் மேல் அடுக்காக வைப்பதுதான் அதன் வேலை. கோலமாவை விரலிடுக்கில் விடுவது போலத்தான். இழை ஈரம் குடித்தால் குமிழ் விடும். துளையில் தூசி அடைத்தால் நின்றுவிடும். மாதம் இரண்டு முறை அடைக்கத்தான் செய்யும். ஊசி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் இதன் எளிய வடிவத்தை உருவாக்கத் தொடங்கியபோது, வரைபடங்களை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார். யாரும் தானே கட்டலாம், தானே பழுது பார்க்கலாம், தன் உறுப்புகளில் பலவற்றை அதுவே அச்சிட்டுக்கொள்ளலாம் என்பதுதான் முழு நோக்கமும். அதைத்தான் நாம் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமான ஏற்பாடு. 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்குக் கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களைச் சுமந்துகொண்டு போகிறார்கள். விலையுயர்ந்த கருவி இல்லாததால் பூட்டும் இல்லை. ஆனால் கருத்தாளர் போனதும் பையும் போய்விடுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2008 முதல் மாணவர்களே நடத்தும் புத்தாக்க மையம் உண்டு. அது அந்தக் கழகத்தின் வாசலுக்குள் இருக்கிறது. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் கணினி சொல்லித் தருகிறார்கள். நம் மாநிலத்தில் ஊர்க்காரர்களே நடத்தும் கூடத்துக்கு மிக அருகில் வருவது என் கணக்கில் இதுதான். மென்பொருளுக்கு ஒரு மடிக்கணினி போதும், லேத்துக்கும் வெல்டிங்குக்கும் நிலையான அறை வேண்டும் என்பதுதான் அதற்கு அடுத்த படியில் உள்ள சிக்கல்.

அறைக்கு எங்கே போவது? 1979-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் சுத்தியல், ரம்பம், ஏணி ஆகியவற்றைப் புத்தகம் போலவே கடன் கொடுக்கத் தொடங்கியது. நூலக அட்டையைக் காட்டிக் கருவியை வாங்கிப் போகலாம், தாமதமானால் அபராதம். நம்மிடம் 1948 முதல் பொது நூலகச் சட்டம் இருக்கிறது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம். ஊர் நூலகத்தில் ஓர் அலமாரி மல்டிமீட்டருக்கும் மெக்கருக்கும் ஒதுக்கினால் என்ன குடி முழுகிவிடும்? "திருடுபோகும்" என்பார்கள். புத்தகமும்தான் திருடுபோகிறது, நூலகத்தை மூடிவிட்டோமா?

"அடிபட்டால்?" என்ற கேள்விதான் நியாயமானது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது கறம்பக்குடி வட்டாரத்தில் தென்னைகள் சாய்ந்து கிடந்ததையும், பல நாள் மின்சாரம் இல்லாமல் போனதையும் அங்குள்ளவர்கள் மறக்க மாட்டார்கள். அதுபோன்ற சமயங்களில் வாடகை ஜெனரேட்டரை வைத்துத்தான் தொட்டியில் தண்ணீர் ஏறும், செல்போன் உயிர் பெறும். ஆனால் ஜெனரேட்டரை மாற்றுச் சுவிட்சு இல்லாமல் வீட்டு இணைப்பில் நேரே செருகினால், மின்சாரம் பின்னோக்கி ஓடி, டிரான்ஸ்ஃபார்மரில் உயர் அழுத்தமாகி, கம்பத்தின் மேல் இருக்கும் ஊழியரைக் கொன்றுவிடும். இது தெரியாமலே ஜெனரேட்டர் இழுக்கிறவர்கள் எத்தனையோ பேர். மேற்பார்வையோடு கற்க இடம் இல்லாத ஊரில் ஆபத்து குறைவதில்லை, வீட்டுக்குள் போய்விடுகிறது.

மேல்நாட்டுக் கூடங்களைப் பற்றியும் ஒரு குறை சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் திறந்த கதவு என்றார்கள். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், ஆண்கள். பொறுத்துப் பார்த்த பெண்கள் 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் டபுள் யூனியன் என்று தனிக்கூடமே தொடங்கினார்கள். இந்தப் பாடத்தைப் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1991-இல் அறிவொளி இயக்கம் வந்தபோது பல்லாயிரக்கணக்கான பெண்கள் இங்கே சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம், அதுவே சௌகரியம் என்றவர்களும் உண்டு. கேலி செய்தவர்கள் இருந்தார்கள், இருந்தும் நடந்தது. கூட்டமாகக் கற்றதால் நடந்தது.

ஆகவே கறம்பக்குடியில் நாளை ஒரு கூடம் வருமானால், நான் போய்ப் பார்க்கப்போவது அச்சு இயந்திரத்தை அல்ல. மாலை நாலரை மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் கதவு திறந்திருக்கிறதா, காயில் கடைக்காரரை வாரம் ஒருநாள் மணிக்கூலி கொடுத்து ஆசிரியராக அழைத்திருக்கிறார்களா, சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது, அதில் எத்தனை பேர் பெண்கள் என்று கேட்பேன். பிறகு பதிவேட்டை வாங்கிப் பார்ப்பேன். எடுத்தவர் பெயர், எடுத்த நாள், திருப்பிய நாள் என்ற மூன்று பத்திகளுக்குப் பக்கத்தில், 'எது பழுதாயிற்று, யார் சரி செய்தார்' என்று நான்காவதாக ஒரு பத்தி இருக்க வேண்டும். அது நிரம்பியும் இருக்க வேண்டும்.