அச்சில் பூக்கும் முறுக்கு

திருவண்ணாமலையில் தீபத்துக்குச் செய்த பொரி உருண்டை தீர்ந்த கையோடு, இந்த முறை கிறிஸ்துமஸுக்கென்று எங்கள் அடுப்பில் அச்சு முறுக்கு. பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள். வித்தையெல்லாம் அச்சில்தான். எண்ணெயிலேயே கிடந்து நன்றாகக் காய்ந்த அச்சை மாவில் முக்கால் பங்கு மட்டும் தோய்க்க வேண்டும். மேல் விளிம்பு மூழ்கினால் பூ கழலாது. தோய்க்கும்போது ‘சுர்’ரென்று ஒரு சத்தம். அது கேட்டால் மாவு பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். திரும்ப எண்ணெயில் இறக்கி லேசாக உதறினால், வளையம் வளையமாகப் பூத்துத் தனியே மிதக்கிறது. அந்த உதறலுக்கு அவசரம் ஆகாது. நன்றாகச் சிவப்பதற்குச் சற்று முன்பே எடுத்துவிடுவது நல்லது, ஆறும்போது நிறம் கூடும்.

திகட்டாத இனிப்பு. கடித்ததும் பொலபொலவென்று உதிர்ந்து, வறுபட்ட எள்ளின் வாசம் மட்டும் நாக்கில் நிற்கிறது. கடை கேக்கைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.