ஆங்கில எழுத்துக்கூட்டலும் நம் புணர்ச்சி விதிகளும்

ஆங்கில ஸ்பெல்லிங்குக்கு நெட்டுருதான் வழி என்பது நம் பள்ளிக்கூடங்களில் வேரூன்றிய நம்பிக்கை. எழுத்துகளை வரிசையாகச் சொல்லிச் சொல்லி வாயில் ஏற்றுவது, மறுநாள் டிக்டேஷன், தப்பினால் பத்துத் தடவை இம்போசிஷன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு இது ஓரளவு ஒப்பேறும். நான்காம் வகுப்புக்கு மேல் போதவே போதாது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அந்த வயதில் பாடப்புத்தகச் சொற்கள் தனித்து வருவதில்லை. விகுதி சேர்ந்து, உருமாறி வருகின்றன. ‘ரன்’ தெரிந்த பிள்ளையின் முன்னால் ‘ரன்னர்’, ‘ரன்னிங்’ வந்து நிற்கின்றன. ‘ஹேப்பி’ தெரிந்த பிள்ளை ‘ஹேப்பியர்’, ‘ஹேப்பினஸ்’, ‘அன்ஹேப்பிலி’ என்று ஒரு குடும்பத்தையே எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றையும் புதுச்சொல்லாக நெட்டுருப் போட்டு மாளாது. விதி வேண்டும். அந்த விதியைப் புரியவைக்கும் கருவியைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அதே பிள்ளை தமிழ்ப் பாடவேளையில் செய்யும் ‘சேர்த்து எழுதுக, பிரித்து எழுதுக’ பயிற்சிக்குள் அது இருக்கிறது.

புதுச்சேரியின் காலாப்பட்டு போன்ற ஊரில் இந்தப் பேச்சுக்குத் தனி அவசரம் உண்டு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடநூல்களையே பின்பற்றின. 2023-24 கல்வியாண்டில் ஆறாம் வகுப்புக்கு மேலும் சிபிஎஸ்இ பாடத்திட்டம் வந்துவிட்டது. இங்குள்ள நவோதயா வித்யாலயா பிள்ளைகளைச் சேர்ப்பதே ஆறாம் வகுப்பில்தான்; நான்கில் மூன்று பங்கு இடங்களாவது ஊரகப் பிள்ளைகளுக்கு உரியவை. 1985இல் தொடங்கிய ஒரு மத்தியப் பல்கலைக்கழகமும் இதே ஊரில் இருக்கிறது. அதன் வாசலுக்கும் கடற்கரைக் குப்பத்துத் தொடக்கப் பள்ளிக்கும் நடந்து போகும் தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டிய பிள்ளை முதலில் சறுக்குவது ஆங்கிலத்தில் எழுதும்போதுதான். நெட்டுரு முறைக்கு வீட்டில் ஒரு துணை வேண்டும். மாலையில் நோட்டைப் பிடித்துக்கொண்டு ‘சொல்லு பார்க்கலாம்’ என்று கேட்க, ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வேண்டும். முதல் தலைமுறையாகப் படிக்கிற வீட்டில் அப்படி யாரும் இல்லை. விதிக்கு அந்தத் துணை தேவையில்லை. வகுப்பில் ஒருமுறை புரிந்துவிட்டால், இதுவரை பார்த்தே இராத சொல்லையும் பிள்ளை தானாக எழுதிவிடும்.

நம்மிடம் உள்ள முறைகளில் மிகப் பழையது திண்ணைப் பள்ளியின் முறை. மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாயால் சொல்வது அதன் உயிர்நாடி. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் மணலில் எழுதப் பழகும் பிள்ளைகளைப் பார்த்தார். அதைத் தம் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டோடு சேர்த்து 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. கண், வாய், கை மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் அந்த ஏற்பாட்டில் பெரிய அறிவு இருந்தது. பின்னாளில் கையும் கண்ணும் கழன்றுபோய், வாய்ப்பாட்டு மட்டும் நம்மிடம் மிஞ்சியது. தமிழுக்கு வாய்ப்பாட்டு பொருந்தியதற்குக் காரணம் உண்டு. உயிர்மெய் வரிசை மனத்தில் நின்றுவிட்டால் எந்தச் சொல்லையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. அங்கே எழுத்துகளை வரிசையாகப் பாடுவது ஒவ்வொரு சொல்லையும் தொலைபேசி எண் போல மனப்பாடம் செய்வதாக முடிகிறது.

இதற்கு மாற்றாக வந்தது ஃபானிக்ஸ். எழுத்தின் பெயரை விட்டு அதன் ஒலியைச் சொல்லித்தருவது இம்முறை. 1955இல் ருடால்ஃப் ஃபிளெஷ் எழுதிய நூல் அமெரிக்காவில் இதற்காகப் பெரிய சண்டையே மூட்டியது. 2000இல் அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழுவும், 2006இல் இங்கிலாந்தின் ரோஸ் அறிக்கையும் தொடக்க வகுப்புகளுக்கு இதையே பரிந்துரைத்தன. வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாசிப்பது வேறு, எழுதுவது வேறு. எழுத்தைப் பார்த்து ஒலியைக் கண்டுபிடிப்பதைவிட, ஒலியைக் கேட்டு எழுத்தைத் தேர்ந்தெடுப்பது கடினம். ‘ஈ’ என்ற ஒரே ஒலி ‘ஸீ’ (பார்), ‘ஸீ’ (கடல்), ‘கீ’, ‘சீஃப்’ ஆகிய நான்கு சொற்களில் நான்கு வகையாக எழுதப்படுகிறது. 1966இல் பால் ஹன்னா குழுவினர் ஸ்டான்ஃபோர்டில் 17,000 சொற்களைக் கணினியில் ஏற்றி, ஒலி விதிகளை மட்டும் கொண்டு எழுதவைத்தபோது ஏறக்குறையப் பாதிதான் சரியாக வந்தது. மீதியில் பெரும்பகுதி ஒரே ஒரு பிழையோடு நின்றது. ஆங்கில ஸ்பெல்லிங் முழுக் குழப்பம் என்பவர்களுக்கு இது நல்ல பதில். ஒலி மட்டும் போதும் என்பவர்களுக்கும் இதுவே பதில்.

அந்த ஒரே பிழை எங்கே இருக்கிறது என்று தேடிப்போனவர்களிடமிருந்து பிறந்தது மூன்றாவது மரபு. ஆங்கில எழுத்து ஒலியை மட்டும் பதிவு செய்வதில்லை, சொல்லின் பகுதி விகுதிகளையும் பதிவு செய்கிறது என்பது இவர்களின் கட்சி. 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்தார். உயிரொலிகள் மாறிக்கொண்டே இருந்த அந்த நூற்றாண்டுகளில் எழுத்து அச்சில் உறைந்தது. 1755இல் ஜான்சனின் அகராதி அதற்கு முத்திரை குத்தியது. உறைந்ததால் வந்த நன்மையும் உண்டு. ‘ஸைன்’ என்ற சொல்லில் ஒலிக்காத ஒரு ‘ஜி’ இருக்கிறது. ‘சிக்னேச்சர்’ என்று நீளும்போது அது ஒலித்துவிடுகிறது. உறவு கண்ணுக்குத் தெரியும்படி எழுத்து காத்து வைத்திருக்கிறது. 1968இல் நோம் சோம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேவும் இதை மொழியியல் வாதமாகவே முன்வைத்தார்கள். 2006இல் டெரெசினா நூனஸும் பீட்டர் பிரையன்ட்டும் வெளியிட்ட நூல், பகுதி விகுதிகளை வெளிப்படையாகச் சொல்லித்தந்தால் பிள்ளைகளின் ஸ்பெல்லிங் தேறுகிறது என்று வகுப்பறைச் சோதனைகளோடு காட்டியது. புதுச்சேரிக்கு இதே பாடம் பிரெஞ்சு வழியாகவும் வந்திருக்கிறது. 1826இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே இன்றும் நகரில் நடக்கிறது. பிரெஞ்சுக் கல்வி மரபில் ‘திக்தே’ என்ற டிக்டேஷன் அடிப்படையில் ஓர் இலக்கணத் தேர்வு. பன்மையின் ‘எஸ்’ பெரும்பாலும் காதில் விழாது. வாக்கியத்தைப் புரிந்துகொண்ட பிள்ளை மட்டுமே அதை எழுதும்.

இனி நம் பக்கம் திரும்பலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர் இரு சொற்கள் சேரும் இடத்தில் நடப்பதை இயல்பு, விகாரம் என்று பிரித்தார். விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக்கினார். ஆங்கில விகுதி விதிகள் அத்தனையும் இந்த நான்கு அறைகளுக்குள் அடங்குகின்றன. கரும்பலகையில் ஒரு பக்கம் கல் + உப்பு = கல்லுப்பு, மண் + அள்ளு = மண்ணள்ளு என்று எழுதுங்கள். மறுபக்கம் ‘ரன்’ + ‘இங்’, ‘ஸ்டாப்’ + ‘எட்’ என்று எழுதுங்கள். தமிழில் தனிக்குறிலை அடுத்த மெய், அதன் பின்னால் உயிர் வந்தால் இரட்டிக்கும்; இது தோன்றல். ஆங்கிலத்திலும் ஒற்றைக் குறிலை அடுத்த ஒற்றை மெய், உயிரெழுத்தில் தொடங்கும் விகுதி வந்தால் இரட்டிக்கும். நிபந்தனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது வியப்பாக இருக்கிறது. கால் + அடி காலடிதான். நெடிலுக்குப் பின் இரட்டாது. ‘ரெயின்’ என்பதில் இரண்டு உயிரெழுத்துகள் இருப்பதால் ‘ரெயினிங்’கில் ‘என்’ ஒன்றே. கடல் + ஓரம் கடலோரம்தான், தனிக்குறில் இல்லை. ‘ஓப்பன்’ முதல் அசையில் அழுத்தம் விழும் ஈரசைச் சொல் என்பதால் ‘ஓப்பனிங்’கில் ‘என்’ ஒன்றே. கெடுதலும் அப்படியே. காசு + இல்லை காசில்லை என்று ஆகும்போது உகரம் போய்விடுகிறது. ‘ஹோப்’ என்ற சொல்லின் கடைசி ‘இ’, ‘இங்’ வந்ததும் போய்விடுகிறது. காசு + மாலை காசுமாலை; மெய் வந்தால் உகரம் நிற்கும். ‘ஹோப்ஃபுல்’ சொல்லிலும் ‘இ’ நிற்கும். திரிதலுக்கு இத்தனை கச்சிதமான இணை இல்லை. கல் + கள் கற்கள் ஆவதைக் காட்டி, ‘க்ரை’யின் ‘ஒய்’ ‘க்ரைஸ்’ ஆகும்போது ‘ஐ’ ஆவதைச் சொல்லலாம். ‘ஜம்ப்’ + ‘இங்’ மாற்றமில்லாத இயல்பு.

இதற்கு முதல் மறுப்பு மொழியியலாரிடமிருந்து வரும். தமிழில் இரட்டித்த மெய் உண்மையாகவே நீண்டு ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் இரட்டித்த எழுத்து நீண்டு ஒலிப்பதில்லை, முன்னுள்ள உயிர் குறில் என்று காட்டும் வெறும் அடையாளம் அது. மறுப்பு சரியானது, பிள்ளைக்கும் இதைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை நம் பாடப்புத்தகங்களின் ஓரங்களே காட்டும். ஆங்கில வரிக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிவைப்பது நம் பிள்ளைகளின் பழைய வழக்கம். தமிழில் ‘ப’ இரண்டு உயிர்களுக்கு நடுவே தனித்து வந்தால் மெலிந்து ஒலிக்கும் என்பதால், ‘நம்பிக்கொண்டு’ என்ற பொருளுள்ள சொல்லை ‘ஹோப்பிங்’ என்றும், ‘நொண்டியடித்து’ என்ற பொருளுள்ளதை ‘ஹாப்பிங்’ என்றும் எழுதுகிறோம். இரண்டிலும் ‘ப்ப’ வந்துவிடுகிறது. அதை நம்பி ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளை முதல் சொல்லிலும் இரண்டு ‘பி’ போடுகிறது. இது கவனக்குறைவு அல்ல, தமிழ் எழுத்து முறைப்படி நியாயமான ஊகம். பத்து இம்போசிஷன் எழுதினாலும் அந்த ஊகம் அசையாது. நிபந்தனையைக் காட்டினால் அசையும்: பகுதியில் குறிலா, நெடிலா? அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்கெனவே உண்டு. நாம் கடன் வாங்குவது அந்தக் கேள்வியைத்தான், ஒலியை அல்ல.

விதிவிலக்குகள் ஏராளம் என்பது இரண்டாவது மறுப்பு. விதிவிலக்கு என்று பயமுறுத்தப்படுபவற்றில் பாதி, இன்னொரு விதியின் வேலை. ‘நோட்டீஸபிள்’ என்பதில் ‘இ’ கெடாமல் நிற்பது, ‘சி’யை ‘ஸ’ ஒலியில் வைத்திருக்க. ‘இ’ போனால் அது ‘க’ ஆகிவிடும். ‘க்ரையிங்’கில் ‘ஒய்’ திரியாதது, இரண்டு ‘ஐ’ பக்கத்தில் பக்கத்தில் வராமல் இருக்க. ‘ட்ரூலி’, ‘ஆர்கியுமென்ட்’ போன்றவைதான் உண்மையான விலக்குகள். அவற்றை நெட்டுருப் போடட்டும்; நெட்டுரு அதற்காகத்தான் இருக்கிறது. விதி என்ற பெயரில் சுற்றிவரும் எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டும் என்பதும் இல்லை. ‘இ’க்கு முன் ‘ஐ’ வரும், ‘சி’க்குப் பின் மாறும் என்ற பிரபலமான சூத்திரம் அடிக்கடி பொய்க்கிறது, அதைக் கைவிடுவதே நல்லது. நெட்டுருவின் வெற்றிக்கு அமெரிக்க ஸ்பெல்லிங் பீ மேடைகளைச் சான்று காட்டுவோர் உண்டு. 1985இல் பாலு நடராஜன் வென்றதிலிருந்து இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் அங்கே கொடிகட்டிப் பறக்கிறார்கள் என்பது உண்மை. அந்த மேடையில் பிள்ளைகள் நடுவரிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்தால் போதும்: சொல்லின் பொருள், அது எந்த மொழியிலிருந்து வந்தது. அவர்கள் சொல்லைப் பிரித்துப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

கைபேசி திருத்திவிடும், ஸ்பெல்லிங்குக்கு இனி என்ன தேவை என்பாரும் உண்டு. ‘ஹோப்பிங்’, ‘ஹாப்பிங்’ இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால், எது வேண்டும் என்பதை எழுதுகிறவர் அறிந்திருந்தால்தான் திருத்தத்தை நம்ப முடியும். தேர்வு அறையில் கைபேசியும் கிடையாது. தமிழ் இலக்கணத்தை வைத்துச் சொல்லித்தந்தால் மாஹே, ஏனாம் பிள்ளைகளுக்கு என்ன வழி என்ற கேள்வி நம் ஒன்றியப் பகுதியில் நியாயமாகவே எழும். மலையாளத்திலும் தெலுங்கிலும் சந்தி உண்டு. தெலுங்கில் உகரம் உயிருக்கு முன் கெடுவது பள்ளிப்பாடம். அந்தந்த ஊர் ஆசிரியர் தம் மொழி எடுத்துக்காட்டைத் தேர்ந்துகொள்ளலாம்.

அளவுகோலைப் பற்றிச் சொல்ல வேண்டியது இரண்டு. பிரிட்டிஷ் முறையா, அமெரிக்க முறையா என்ற தகராறு முதலாவது. 1828இல் வந்த நோவா வெப்ஸ்டரின் அகராதி ‘கலர்’ சொல்லின் ‘யு’வை நீக்கிய வடிவத்தை நிலைநிறுத்தியது, ‘ட்ராவலர்’ சொல்லில் ஒரு ‘எல்’ போதும் என்பதும் அமெரிக்க வழக்கு. நம் பாடப்புத்தகங்கள் பிரிட்டிஷ் முறையில் இருக்க, கைபேசி பல நேரம் அமெரிக்க முறையைக் காட்டுகிறது. பாடப்புத்தகத்தையே பின்பற்றச் சொல்லலாம். ஆனால் மற்றதை எழுதிய பிள்ளையைப் பிழை செய்தவராக நடத்தக் கூடாது. இரண்டாவது, திருத்தும் முறை. ‘ஸ்டாப்ட்’ என்பதை ஒரு ‘பி’யோடு எழுதியவருக்கு இரட்டித்தல் தெரியவில்லை. முடிவில் ‘எட்’டுக்குப் பதிலாக, காதில் விழும் ‘ட்’ ஒலிக்குரிய ‘டீ’ எழுத்தை மட்டும் போட்டவருக்கு இறந்தகால விகுதி மூன்று விதமாக ஒலித்தாலும் ஒரே மாதிரி எழுதப்படும் என்பது தெரியவில்லை. நடுவில் உயிரெழுத்தே இல்லாமல் எழுதியவர் ஃபானிக்ஸிலேயே தங்கிவிட்டவர். மதிப்பெண் பதிவேட்டில் மூன்றுமே ஒரு தப்புதான். ஆனால் மூவருக்கும் மறுநாள் நடத்த வேண்டிய பாடம் வேறு வேறு. டிக்டேஷன் சொற்களை விதி வாரியாகத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பிரிவினையை ஆசிரியர் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

வகுப்பு வாரியாகப் பிரித்தால் நான்காம் வகுப்புக்கு ‘ஒய்’ திரிதல், ஐந்தாம் வகுப்புக்கு ‘இ’ கெடுதலும் ஓரசைச் சொற்களின் இரட்டித்தலும் தாங்கும். இந்த இரு வகுப்புகளிலும் பெரும்பாலும் ஒரே ஆசிரியரே தமிழும் ஆங்கிலமும் நடத்துவதால் இரண்டு பாடவேளைகளையும் இணைப்பது எளிது. ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவர் என்று ஆகிவிடும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கலந்து பேசித்தான் தீர வேண்டும். ஈரசைச் சொற்களை அங்கே எடுக்கலாம். ‘பிகின்’ இரட்டிக்கும், ‘ஓப்பன்’ இரட்டிக்காது. அழுத்தம் கடைசி அசையில் விழுகிறதா என்பதே காரணம். தமிழில் சொல்லழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நன்னூல் இங்கே கைகொடுக்காது. ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லி, பிள்ளைகள் கேட்டுக் கேட்டுப் பிடிக்க வேண்டிய இடம் இது. மற்ற விதிகளுக்கு ஒதுக்குவதைப்போல இரண்டு மடங்கு நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டும்.