வெள்ளை முகமும் வெயிலும்

மலாக்காக் கரையிலுள்ள கிளேபாங்கில் கடலைத் தூர்த்துக் கொட்டிய மணல்மேட்டில் காலையில் போய் நின்றால் சின்னச் சின்னக் கால்கள் ஓடுவது தெரியும். விறுவிறுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து. உப்புக்கொத்திதான், அதில் சந்தேகமில்லை. எந்த உப்புக்கொத்தி என்பதில்தான் தகராறு. வலசை வரும் கெண்டிஷா, கடலோர மணலிலேயே முட்டையிடும் மலாய் உப்புக்கொத்தியா, வெண்முகமா?

வெண்முக உப்புக்கொத்தியின் கதை, கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லும் வழக்கத்துக்குக் கிடைத்த பெரிய வெற்றி. சீனாவில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த ராபர்ட் சுவின்ஹோ 1870இல் அதற்குப் பெயரிட்டார். பிறகு அது கெண்டிஷ் கூட்டத்துக்குள் காணாமல் போனது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கரையில் நின்று கவனித்தவர்கள்தான் அதை மீட்டார்கள். பீட்டர் கென்னர்லி, டேவிட் பேக்வெல் முதலானோரின் கட்டுரை 2008இல் வந்தது. அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே கறுப்புக் கோடு இல்லை, முதுகு வெளிறிய மணல் நிறம் என்று எழுதினார்கள். 2011இல் வந்த மரபணு ஆய்வு, இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றது. மரபணுத் தொகுதியை முழுதாக அலசிய 2019ஆம் ஆண்டு ஆய்வோ கண் பார்த்ததன் பக்கம் நின்றது.

ஆனால் அவர்கள் பார்த்தது முகத்தை மட்டுமல்ல. நிற்கும் தோரணை, ஓட்டம், அலகின் பருமன், பறக்கும்போது இறக்கையில் தெரியும் வெள்ளை என்று எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்தார்கள். நாம் அதிலிருந்து முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். இந்த வழக்கத்தின் பலவீனம் இங்கேதான். பெட்டைக்கும், இனப்பெருக்கக் காலம் கழிந்த பறவைக்கும் கறுப்பு மங்கிவிடும். போதாக்குறைக்கு வெண்மணலில் பட்டுத் திரும்பும் வெயில், பழுப்பு முகத்தையும் வெளுத்துக் காட்டும். கைப்பேசிப் படம் இன்னும் மோசம். எந்தக் கெண்டிஷையும் அது வெண்முகமாக்கிவிடும். நானே அப்படி ஒன்றை வெண்முகம் என்று குறித்துவைத்து, பத்து மணிக்கு மேகம் மூடியபோது கண்ணோரம் கோடு தெரியவே அந்தக் குறிப்பை அடித்தேன்.

என் அப்பா மெர்லிமாவ் பக்கம் பால்வெட்டுக்குப் போனவர். விடியுமுன் ரப்பர்க் காட்டில் கட்டையைத் தட்டுவதுபோல் 'டொக் டொக்' என்று கேட்டால் பக்கிப் பறவை என்பார். பார்த்தீர்களா என்று கேட்டால், "கேட்டேன்" என்று மட்டும் சொல்வார். கரைக்குப் போகும் இளைஞர்களிடம் நான் கேட்பதும், உணர்ந்ததை மட்டும் சொல்லும் அந்தக் கணக்குத்தான். கோடு தெரிந்ததா, வெயில் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். பிரிக்க முடியாத பறவையை 'கெண்டிஷ் அல்லது வெண்முகம்' என்றே குறியுங்கள்.