சிறைமுகாமில் ஒலித்த ஒன்பதாம் சிம்பொனி

இசையைத் தொழிலாகக் கொள்ளாதோர் ஒன்றுகூடிப் பெரும் படைப்பொன்றை அரங்கேற்றும்பொழுது, அதனை எந்தக் கோல்கொண்டு அளப்பது? 'ஆர்வம் பாராட்டத்தக்கது' என்று தட்டிக்கொடுப்பர் ஒரு சாரார். 'சுருதி சேராத இசை எதற்கு?' என்று ஒதுக்குவர் மற்றொரு சாரார். அப்படைப்பு யாருடைய குரலை வேண்டி எழுந்தது என்று இரு சாராருமே கேட்பதில்லை. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

சிம்பொனி என்பது பலவகை வாத்தியங்கள் சேர்ந்து இசைக்கும் நெடும்படைப்பு. பெரும்பாலும் நான்கு பகுதிகளை உடையது. நம் கச்சேரியில் ஒருவர் இராகத்தை விரித்துச் செல்ல, மற்றவர் பின்தொடர்வர். அங்கோ, வெவ்வேறு சுரங்கள் ஒரே கணத்தில் ஒலித்து ஒன்றையொன்று தாங்கி நிற்கும். ஆகவே, கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் பிழைத்தாலும் கட்டடம் முழுவதும் ஆடும்.

1824 மே 7 அன்று வியன்னாவில் ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியபொழுது, பீத்தோவன் செவிப்புலனை இழந்திருந்தார். அவையோரின் ஆரவாரத்தைக் காணும்படி பாடகி ஒருத்தி அவரைத் திருப்பிவிட வேண்டியதாயிற்று என்பது பலரும் அறிந்த செய்தி. அன்று வாசித்தோர் அனைவரும் ஊதியம் பெற்ற கலைஞர் அல்லர் என்பதோ பலரும் கருதாத செய்தி. திறமை வாய்ந்த அமெச்சூர்களும் அரங்கின் வாத்தியக்காரரோடு சேர்க்கப்பட்டிருந்தனர். முழு ஒத்திகைகளோ இரண்டே. இப்படைப்பின் பிறப்பிலேயே அமெச்சூர்களின் வில்லோசை கலந்திருந்தது எனலாம்.

இனி இறுதிப் பகுதியின் அமைப்பை நோக்குவோம். முன் மூன்று பகுதிகளின் இசை ஒவ்வொன்றாக மீண்டும் தலைகாட்டுகிறது. செல்லோக்களும் டபுள்பாஸ்களும், மனிதர் பேசுவது போன்ற நடையில் குறுக்கிட்டு, ஒவ்வொன்றையும் விலக்குகின்றன. பின்னர் அவையே, துணையேதுமின்றி, மெல்லெனப் புதிய மெட்டொன்றைத் தொடங்குகின்றன. நம் வழக்கில் சொல்வதானால், சங்கராபரணத்தின் ஷட்ஜம் முதல் பஞ்சமம் வரையுள்ள ஐந்து சுரங்களுக்குள் அது ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. ஓரிடத்தில் மட்டும் கீழ்ப் பஞ்சமத்தைத் தொட்டு மீள்கிறது. படிப்படியாக ஏறுகிறது, படிப்படியாக இறங்குகிறது. முன் பகுதிகளில் அத்தனை நுட்பமாகப் பின்னியவருக்கு, இதனினும் அரிய மெட்டு அமையாமலா போயிற்று? மனிதர் யாவரும் உடன்பிறந்தோர் என்னும் கருத்தைச் சொல்லும் ஷில்லரின் கவிதைக்கு, யாவரும் பாடவல்ல மெட்டே தகும் என்று அவர் துணிந்தார் என்பதே என் முடிபு.

இத்துணிவுக்கு நல்ல சான்று வியன்னாவுக்கு வெகுதொலைவில், ஜப்பானில் கிடைக்கிறது. 1914-இல் சீனக் கடற்கரையிலிருந்த ஜெர்மானியரின் சிங்டாவ் கோட்டை ஜப்பானியரிடம் வீழ்ந்தது. கைதானோரில் ஏறக்குறைய ஆயிரம் பேர் 1917 முதல் ஷிகோகு தீவின் பாண்டோ முகாமில் வைக்கப்பட்டனர். அவர்களிற் பலர், கீழ்த்திசை நாடுகளில் வணிகமும் பிற தொழிலும் செய்துவந்து, போருக்கென அழைக்கப்பட்டவர்கள். முகாம் தலைவர் மட்சுவே டோயோஹிசா, 1868-இல் மூண்ட உள்நாட்டுப் போரில் தோற்ற ஐசு நாட்டுக் குடியில் வந்தவர். தோற்றவரை இழிவுபடுத்தலாகாது என்று கருதி, அச்சகமும் நாடகமும் இசைக்குழுவும் நடத்த இடமளித்தார்.

1918 ஜூன் 1 அன்று, ஹெர்மன் ஹான்சன் தலைமையில், சுமார் 45 வாத்தியக்காரரும் 80 பாடகரும் ஒன்பதாம் சிம்பொனியை முழுமையாக நிகழ்த்தினர். ஜப்பானில் அதுவே முதன்முறை. முகாமில் பெண்கள் இல்லை. பெண்குரல் பகுதிகளும் ஆண்குரலுக்கு மாற்றி எழுதப்பட்டன.

இதில் இழப்பில்லை என்று சொல்வது விமரிசனம் ஆகாது. மேல்ஸ்தாயியில் பெண்குரல்கள் நெடுநேரம் தாங்கி நிற்கும் இடத்தில், குரலின் வரம்பே உடைந்துவிடுமோ என்னும் பதைப்பைப் பீத்தோவன் வேண்டுமென்றே எழுப்புகிறார். ஆண்குரலுக்கு இறங்கியதும் அப்பதைப்பு தணிந்துவிடும். மூன்றாம் பகுதியின் நெடிய, அமைதியான இசையும் அமெச்சூர்களுக்கு எளிதில் வசப்படாதது. ஆயினும், பகைவர் மண்ணில் காவலுக்குள் நின்றோர் மானிட உறவைப் பாடியபொழுது, அச்சொற்கள் வெறும் அலங்காரமாக இருந்திருக்க முடியாது. எத்துணைத் தேர்ந்த குழுவாலும் அப்பொருளை ஒத்திகையால் வருவித்துக்கொள்ள இயலாது.

காங்கோ நாட்டுத் தலைநகரான கின்ஷாசாவில், விமானி வேலையை இழந்த ஆர்மன்ட் டியாங்கியெண்டா 1994-இல் தம் திருச்சபையினரைக் கொண்டு ஒரு சிம்பொனிக் குழுவைத் தொடங்கினார். தொடக்கத்தில் ஒரே வயலினைப் பலர் மாறிமாறிப் பயின்றனர். அறுந்த தந்திக்குச் சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டினர். 2010-இல் வெளிவந்த 'கின்ஷாசா சிம்பொனி' என்னும் ஆவணப்படத்தில் அவர்களும் இதே ஒன்பதாம் சிம்பொனியைப் பயில்கின்றனர். சுருதி சில இடங்களில் பிசகவே செய்கிறது. ஆனால் பகலெல்லாம் உழைத்துவிட்டு, மாலைதோறும் வந்து, பிசகிய இடத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கின்றனர்.

நாம் தேடிய அளவுகோல் இங்கேதான் கிடைக்கிறது. பயிலாமையால் வரும் பிழை வேறு; பயின்றும் எட்டாமையால் நேரும் குறை வேறு. முன்னதை ஆர்வத்தின் பெயரால் மன்னிக்கலாகாது. பின்னதை, தேர்ந்தோரின் இசைத்தட்டோடு ஒப்பிட்டு நகைக்கலாகாது.

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. வித்துவான்களை வரவழைத்து, விழா நடத்தி, நாற்காலிகளில் அமர்ந்து கேட்கிறோம், அது வேண்டுவதே. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் வயலின் பயில்கிறார். அடுத்த வீட்டுப் பிள்ளை மிருதங்கம் பயில்கிறார். ஒருவர் வாசிப்பை மற்றவர் கேட்டதில்லை. ஞாயிறுதோறும் அவர்களை ஓரிடத்தில் அமர்த்தி, பெரியவர்களும் உடன் அமர்ந்து, ஒரே ஒரு கீர்த்தனையை ஓராண்டு முழுவதும் பயிலச் செய்தால் என்ன? ஆண்டு விழாவில் அது சற்றுப் பிசகியே ஒலிக்கட்டும். அன்று மேடைக்கும் நாற்காலிக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்திருக்கும்.